பாறசாலையிலிருந்து பொழியூர் வரை

நாகர்கோவிலில் இரயிலேறித் திருவனந்தபுரத்திற்கும் அதற்கு அப்பாலும் பிழைப்புத் தேடிச் செல்லும் நம்மவர்களில் எத்தனை பேர் பாறசாலை நிலையத்தை விழித்திருந்து பார்த்திருப்பார்கள்? குழித்துறையைக் கடந்து, மேற்குக் குழித்துறை என்னும் சிறு நிலையமும் பின்தங்கிய பிறகு, அதே தென்னை, அதே மரச்சீனி, அதே செம்மண் தொடர்ந்து வரும். நிலையப் பலகையில் மட்டும் மலையாள எழுத்து வந்து நிற்கும். கேரளம் தொடங்கிவிட்டது என்பதற்கு வேறு அடையாளம் கிடையாது.

இந்த இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1979-ஆம் ஆண்டில். எல்லைக்கோடு அதற்கும் மூத்தது. 1956 நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. விளவங்கோட்டை ஒட்டியிருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா, பாறசாலை உள்பட, கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் எங்கள் இரயில்வே அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை. பாறசாலையும் நாகர்கோவிலும் ஒரே திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்தவை. எழுத்தர் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு ஊரும் ஒரே பதிவேட்டின் இரண்டு வரிகள்தாம்.

இப்பகுதியில் காணத்தக்கவை பல. நெய்யாற்றின்கரையில் கிருஷ்ணசுவாமி கோயிலும், மன்னர் மார்த்தாண்டவர்மர் பகைவருக்கு ஒளிந்து உயிர் தப்பியதாகச் சொல்லப்படும் பலாமரத்தின் எச்சமும் இருக்கின்றன. பாறசாலை, சங்கீத வித்வாம்சினி பொன்னம்மாளை நாட்டுக்குத் தந்த ஊர். களியக்காவிளைச் சந்தையில் இரு மொழியிலும் பேரம் நடக்கும். இவற்றையெல்லாம் எழுதுவதற்குத் தகுதி வாய்ந்த அன்பர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அடியேன் பந்தாட்டப் பித்தன். ஆகையால் நேயர்களைப் பாறசாலையில் இறக்கி, பேருந்தில் ஏற்றி, உச்சக்கடை வழியாக மேற்கே கடற்கரைக்கு அழைத்துச் செல்ல அனுமதி கோருகிறேன்.

பேருந்து இறங்கி நிற்கும் இடம் பொழியூர். நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறுக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு முந்திய கடைசி மீனவ ஊர். ஒரு காலத்தில் படகுகள் ஓடிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் இப்போது பாசி படர்ந்து கிடக்கிறது. அதைத் தாண்டினால் மணல். மணலுக்கு அப்பால் கடல். மாலை வெயில் தணிந்ததும் அந்த மணலில் நடப்பதைக் காணத்தான் நான் விடுப்புக் கிடைக்கும்போதெல்லாம் போகிறேன். பத்து வயதுச் சிறுவர் முதல் மீசை அரும்பியவர் வரை வெறுங்காலோடு கால்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். நட்டுவைத்த இரண்டு கம்புகள்தாம் கோல் கம்பம். ஒரு பக்கத்துக் கோட்டை அலை வந்து அவ்வப்போது அழித்துவிட்டுப் போகும். யாரும் கவலைப்படுவதில்லை.

இந்தக் கரையில் கூடைப்பந்து ஏன் வேரூன்றவில்லை என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடைப்பந்தை 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் வகுத்தது, குளிர்காலத்தில் கூரையின் கீழே, கெட்டியான தரையில் ஆடுவதற்காக. தட்டினால் பந்து எழும்ப வேண்டும். இங்கே தட்டினால் பந்து மணலில் பதிந்து உட்கார்ந்துவிடும். பேஸ்பாலுக்கோ கையுறை வேண்டும், மட்டை வேண்டும், முகக்கவசம் வேண்டும். கால்பந்துக்குப் பந்து ஒன்று போதும். அதுவும் இருபது பேருக்கு ஒன்று.

மணலில் பந்து எழும்பாததோடு, சரியாக உருளுவதும் இல்லை. ஆகவே அதைத் தரையில் விடாமல், காலாலும் தொடையாலும் நெஞ்சாலும் தலையாலும் அந்தரத்திலேயே வைத்திருக்கப் பிள்ளைகள் பழகிக்கொள்கிறார்கள். மணலில் பத்தடி ஓடுவது புல்தரையில் முப்பதடி ஓடுவதற்குச் சமம். இப்படி வளர்ந்த கால்கள் மைதானத்திற்குப் போகும்போது எதிரிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு போகின்றன. குறையும் உண்டு. தரையோடு தரையாகக் கொடுக்க வேண்டிய பந்தையும் தூக்கியே அடிக்கும் வழக்கம் இவர்களைவிட்டு எளிதில் போவதில்லை. காலணி பழகுவதற்கும் சில மாதங்கள் ஆகின்றன. நல்ல பயிற்சியாளர் கையில் கிடைத்தால் இரண்டும் தீரும்.

பொழியூர் மண்ணிலிருந்து சந்தோஷ் கோப்பைப் போட்டிக்குச் சென்றவர்கள் பலர். அவர்களுள் சீசன் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் இந்தக் கரையைத் தாக்கியது. பொழியூர் முதல் தூத்தூர் வரை, அப்பால் விழிஞ்ஞம், பூந்துறை வரை, கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. சவப்பெட்டிகூட இல்லாமல், புகைப்படத்தை வைத்துப் பூசை செய்த வீடுகள் உண்டு. அதற்கு நான்கு மாதம் கழித்து, 2018 ஏப்ரல் முதல் தேதி, கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் கேரளமும் வங்காளமும் இறுதி ஆட்டத்தில் மோதின. ஆளுக்கு இரண்டு கோல் அடித்துச் சமநிலை. பிறகு தண்ட உதைகள். வங்காளத்தின் முதலிரண்டு உதைகளையும் கேரளத்துக் கோல்காவலர் மிதுன் தடுத்துவிட்டார். நான்குக்கு இரண்டு என்று கேரளம் வென்றது. பந்தை வலைக்குள் சேர்த்த நால்வருள் சீசனும் ஒருவர். அந்த இரவில் பொழியூரில் வெடித்த பட்டாசின் ஓசை எல்லைக்கு அப்பால் நீரோடி வரை கேட்டதாம். புயலுக்குப் பின் அந்த ஊரார் வாய்விட்டுச் சிரித்த முதல் நாள் அதுதான் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார்.

நீரோடி என்றேனே, அது தமிழ்நாடு. பொழியூர்க் கரையிலேயே தெற்கே நடந்தால் கொல்லங்கோடு வரும். அப்பெயர் எல்லையின் இருபுறமும் வழங்குகிறது. பிறகு நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று எட்டு ஊர்கள் குழித்துறைத் தாமிரபரணியின் முகத்துவாரம் வரை கோத்த மணிகளாகக் கிடக்கின்றன. ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர் போனவர்கள் இவ்வூரார். இங்கும் மணல் அதே மணல், ஆட்டம் அதே ஆட்டம். இவ்வூர்களின் தேவாலயங்கள்கூடத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டே திருவனந்தபுரம் மறைமாவட்டத்திற்கு உட்பட்டவை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை.

பொழியூரில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். அவருக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். மகன் வழிப் பேரன் பொழியூரில், மகள் வழிப் பேரன் நீரோடியில்.

“பாட்டா, இருவரும் ஒரே அணியில் ஆடுவதுண்டா?” என்று கேட்டேன்.

“திருவிழாக் கோப்பைக்கு ஆடுவார்கள், மக்களே. பள்ளிக்கூடம், ஜில்லா என்று வந்துவிட்டால் அவன் வேறு, இவன் வேறு. சின்னவன்தான் கெட்டிக்காரன். என்ன செய்ய? இங்குள்ளவன் சாயங்காலம் பஸ் ஏறித் திருவனந்தபுரத்தில் ஆடிவிட்டு இராச்சோற்றுக்கு வந்துவிடுகிறான். அங்குள்ளவனை மெட்ராசுக்கு வா என்கிறார்கள். மெட்ராசுக்குப் போய்வர யாரிடம் பணம் இருக்கிறது?”

இதைக் கேட்ட பின் எனக்கு அன்று ஆட்டத்தில் மனம் செல்லவில்லை. பொழியூரிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்கே சந்திரசேகரன் நாயர் மைதானம் உண்டு. காவல்துறை, டைட்டானியம், மின்வாரியம், வங்கி என்று வேலையும் கொடுத்து ஆடவும் விடும் அணிகள் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கின்றன. நீரோடியிலிருந்து சென்னையோ 700 கிலோமீட்டருக்கும் அதிகம். இரண்டு சிறுவர்களின் திறமையும் ஒன்றாயிருக்க, அவர்கள் வீட்டு வாசல்களுக்கு இடையே உள்ள சிறு தூரம் இவ்வளவு பெரிய வேற்றுமையை உண்டாக்கிவிடுகிறது. கேரளம் சந்தோஷ் கோப்பையை 1973, 1992, 1993 என்று தொடங்கி 2022 வரை ஏழு முறை வென்றிருக்கிறது. தமிழ்நாடு ஒரு முறைகூட வென்றதில்லை. 2012-இல் இறுதி ஆட்டம் வரை வந்து சர்வீசஸ் அணியிடம் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. 2019 நவம்பரில் கோழிக்கோட்டில் கேரளத்திடம் நாம் பூஜ்யத்துக்கு ஆறு என்று தோற்ற செய்தியைப் படித்த அன்று, அலுவலகத்தில் என் மலையாள நண்பர்களின் முகத்தைப் பார்க்காமல் கோப்புகளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

ஆள் இல்லாமல் தோற்றோம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணிக்கு ஆடி, 2017–18 ஐ-லீக் பருவத்தின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். 2019-இல் இந்திய அணியில் ஆடினார். மறு ஆண்டே ஏ.டி.கே. அணியோடு இந்தியன் சூப்பர் லீக் பட்டம் பெற்றார். 2020 நவம்பரில் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம்பட்டு அப்பருவம் முழுதும் வெளியே இருக்க நேர்ந்தது நம் துரதிருஷ்டம். ஒரு சூசைராஜ் அந்த 700 கிலோமீட்டரைத் தாண்டினார். தாண்டாமலே வலைக்கும் படகுக்கும் போய்விட்டவர்களை யார் எண்ணினார்கள்?

டொராண்டோவில் குடியேறியிருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன், தம் பிள்ளைகள் கால்பந்தை மறந்து பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும் மூழ்கிவிட்டதாக எழுதுகிறார். 2025-இல் டொராண்டோ புளூ ஜேஸ் அணி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போராடி லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்சிடம் தோற்றபோது வீட்டில் அன்று அடுப்பே எரியவில்லையாம். நான் அவருக்கு எழுதிய பதில் இது: அந்த அணி கனடா நாட்டது, ஆடுவது அமெரிக்கர்களின் தொடரில். 1992-லும் 1993-லும் பட்டம் வென்றது. (அதே இரண்டு ஆண்டுகளில்தான் கேரளமும் சந்தோஷ் கோப்பையை வென்றது.) கூடைப்பந்திலும் அவ்வூர் ராப்டர்ஸ் அணி 2019-இல் அமெரிக்கத் தொடரின் பட்டத்தைத் தட்டிச் சென்றது. இரண்டு தேசங்களுக்கு நடுவே உள்ள எல்லையைப் பந்து இவ்வளவு எளிதாகத் தாண்டும்போது, பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவே ஏன் தாண்டக் கூடாது? இரு மாநிலச் சங்கங்களும் கூடி, பூவாறு முதல் இரயுமன்துறை வரையுள்ள ஊர் அணிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொடர் நடத்தி, தேர்வாளர்களை இங்கேயே அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? நீரோடிச் சிறுவன் திருவனந்தபுரத்து மைதானத்தில் பயிற்சி பெற்றுவிட்டுத் தமிழ்நாட்டுக்கு ஆடட்டும்.

எங்கள் இரயில்வே சட்டை ஒன்றுக்குத்தான் இன்றுவரை இந்தத் தொல்லை இல்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்வேன். கூடைப்பந்தில் கேரளத்து கீது அன்னா ஜோஸும் சென்னையின் அனிதா பால்துரையும் ஒரே இரயில்வே அணியில் ஆடினார்கள். யார் எந்த மாநிலம் என்று அவர்கள் பந்து கேட்கவில்லை. கால்பந்திலும் சந்தோஷ் கோப்பைக்கு இரயில்வே தனி அணியாகச் செல்கிறது. மூன்று முறை வென்றும் இருக்கிறது, எல்லாம் 1960-களில். கேரளத்தின் முதல் வெற்றி 1973-இல் எர்ணாகுளத்தில் எங்களைத் தோற்கடித்து வந்ததே. தலைவர் மணி ஒருவரே மூன்று கோல்களையும் அடித்தார். அந்த ஒரு தோல்வியை மன்னிக்கலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும்போது இந்தக் கரையின் இருபுறத்துப் பிள்ளைகளும் விண்ணப்பம் போட வேண்டும் என்பது என் ஆவல். நம் சங்க அன்பர்களில் இப்பகுதியில் உறவினர் உள்ளவர்கள் விளம்பரம் வரும்போது ஒரு வரி எழுதிப் போட்டால் புண்ணியம்.

காலம் அதிகமில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆடுகளமே கரைந்துகொண்டிருக்கிறது. தெற்குக் கொல்லங்கோட்டில் வீடுகளும் கரையோரச் சாலையும் கடலுக்குள் போய்விட்டன. தமிழ்நாட்டுப் பக்கம் போட்ட தூண்டில் வளைவுகளால்தான் தங்கள் கரை அரிக்கப்படுகிறது என்பது பொழியூரார் முறையீடு. கரையோரமாக நகரும் மணலை ஒரு புறம் கல்லடுக்கித் தடுத்தால் மறுபுறத்துக்கு மணல் வந்து சேராது என்பது உண்மைதான். கல் போடாவிட்டால் தங்கள் வீடு போய்விடும் என்று நீரோடியார் சொல்வதும் உண்மைதான். நான் சென்ற முறை போனபோது, முன்பு முழு அணியும் ஆடிய இடத்தில் ஐவருக்கு ஐவர்தான் ஆட முடிந்தது. ஒரு கோல் கம்பம் தேவாலயச் சுவரை ஒட்டி நகர்ந்திருந்தது.

போக விரும்பும் அன்பர்கள் மழைக்காலம் தவிர்த்து, மார்கழி தை மாதங்களில் போவது நலம். நாகர்கோவிலிலிருந்து வரும் பயணிகள் இரயில் பாறசாலையில் நிற்கும். அங்கிருந்து பேருந்து உண்டு. நான்கு மணிக்கு முன்னால் போனால் வெறும் மணலைத்தான் பார்ப்பீர்கள். சிறுவர்களுக்கு ஏதாவது வாங்கிப் போக வேண்டும் என்று தோன்றினால், மிட்டாய் வேண்டாம். ஐந்தாம் எண் பந்து ஒன்று வாங்கிப் போங்கள். பொழியூருக்கு ஒன்றும் நீரோடிக்கு ஒன்றுமாக இரண்டாயிருந்தால் இன்னும் நல்லது.