பூட் கிழிந்தால் ரப்பரை மட்டும் பார்க்காதீர்கள்

ஜீப் வைத்திருக்கும் தம்பிகளும் என் பழைய மாணவர்களும் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என் அக்கா மகன் மலையில் சிறிதாக ஒரு ஏலத்தோட்டம் பார்த்து வருகிறான். தன்னுடைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு ஸ்பேசர் வைத்து 2 அங்குலம் உயர்த்தி, பெரிய டயரும் மாட்டியிருக்கிறான். போன மாதம் இடது முன்சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தது. குனிந்து பார்த்தால் ஆக்ஸில் பூட் கிழிந்து வாயைப் பிளந்து கிடக்கிறது. எட்டு மாதத்தில் இது இரண்டாவது தடவை.

"அது வெறும் ரப்பர் தானே மாமா. புதுசு மாட்டிட்டா சரியாப் போச்சு" என்றான்.

ரப்பர்தான். ஆனால் அது எதைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முன்சக்கரம் மேலும் கீழும் ஆட வேண்டும், இடமும் வலமும் திரும்ப வேண்டும், அதே நேரம் இன்ஜின் சக்தியையும் வாங்கிச் சுழல வேண்டும். பழைய சிலுவை வடிவ யுனிவர்சல் ஜாயின்ட், ஹூக் ஜாயின்ட் என்று வகுப்பில் சொல்வோமே, அதில் ஒரு குறை உண்டு. தண்டு 20 டிகிரி சாய்ந்தால், ஒரு முனை சீராகச் சுழன்றாலும் மறுமுனை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுமார் 6 சதவீதம் வேகம் குறைந்து, இரண்டு முறை அதே அளவு கூடும். ஸ்டியரிங் கையில் உதறும். இதைத் தீர்க்கத்தான் 1920களில் ஆல்ஃபிரட் ரெசெப்பா என்ற பொறியாளர் ஆறு எஃகுக் குண்டுகள் வளைந்த பள்ளங்களில் ஓடும் ஜாயின்ட்டைக் கொண்டுவந்தார். எந்தக் கோணத்திலும் இரு முனைகளும் ஒரே வேகத்தில் சுழலும். நாம் சி.வி. ஜாயின்ட் என்பது இதைத்தான்.

இந்தக் குண்டுகளுக்கு வெளியிலிருந்து எண்ணெய் போகாது. பூட் ரப்பருக்குள் அடைத்த கிரீஸ்தான் அதன் ஆயுள் முழுவதற்குமான சாப்பாடு. ரப்பர் கிழிந்தால், சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். அந்த இடத்தில் மண்ணும் சேற்று நீரும் புகும். மிச்சமிருக்கும் கிரீஸும் மணலும் சேர்ந்தால் அது மசகு இல்லை, சாணை பிடிக்கும் விழுது. குண்டையும் பள்ளத்தையும் அரைத்து எடுத்துவிடும். சில நூறு ரூபாய் ரப்பரைக் கவனிக்காவிட்டால் பல ஆயிரம் ரூபாய் ஆக்ஸிலுக்கு வேலை வரும்.

சரி, ஏன் திரும்பத் திரும்பக் கிழிகிறது? வண்டியை உயர்த்தும்போது டிஃபரன்ஷியல் பாடியோடு மேலே போகிறது, சக்கரம் தரையிலேயே நிற்கிறது. நடுவில் உள்ள தண்டு சரிகிறது. இரண்டு ஜாயின்ட்டுகளுக்கு இடையே 40 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 செ.மீ. உயர்த்தினால் சரிவு ஏறக்குறைய 7 டிகிரி கூடும். பூட் ரப்பரின் மேல்பக்க மடிப்புகள் நசுங்கி ஒன்றோடொன்று உரசும், கீழ்ப்பக்கம் இழுபடும். சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு மடிப்பும் நசுங்கி இழுபட்டு வரும். அவன் டயர் அளவுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 400 தடவை! கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் அந்தக் கோணமும் சேர்ந்துகொள்ளும். போடிமெட்டு ஏறுவதற்குள் அப்படி 17 வளைவுகள். முன் ஹப்பைத் தனியே விடுவிக்கும் வசதி இல்லாத பெரும்பாலான வண்டிகளில், டூ வீல் டிரைவில் ஓடினாலும் இந்தத் தண்டு சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

என்னிடம் படித்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். லேசாக நறநறத்தது. ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டியபோது 'டக் டக்' சத்தம் வரவில்லை. அந்தச் சத்தம் வந்திருந்தால் ஜாயின்ட் போய்விட்டது என்று பொருள், புது ரப்பர் மாட்டியும் பயனில்லை. தண்டைக் கழற்றி, ஜாயின்ட்டைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, குண்டுகளையும் பள்ளங்களையும் வெளிச்சத்தில் பார்த்தார். தப்பித்தது.

அப்புறம் சொன்னார்: "சார், ரப்பர் மாட்டித் தர்றேன். உயரத்தைக் குறைக்காட்டி ஆறு மாசத்துல அண்ணன் திரும்ப இங்கதான் வருவாரு."

மருமகன் மசியவில்லை. "குறைச்சா பாறை இடிக்கும் மாமா."

நான் அவனை வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனேன். பின் ஆக்ஸில் நடுவே குண்டாக இருக்கும் டிஃபரன்ஷியலைக் காட்டி, "பாறை முதலில் எங்கே இடிக்கும்?" என்று கேட்டேன். அதையே காட்டினான். ஒரே குழாயாக உள்ள அந்த ஆக்ஸில் சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பேசர் வைத்தால் பாடிதான் உயரும், அது ஒரு நூல்கூட உயராது. டயர் பெரிதானால் மட்டுமே உயரும். டயரைத்தான் ஏற்கெனவே மாற்றிவிட்டானே!

இன்னொன்றும் சொன்னேன். தினமும் காலையில் அந்த வண்டியில் ஏறுவது காய் எடுக்கும் பெண்கள். மழையில் வழுக்கும் ஏற்றத்தில் ஃபோர் வீல் போட்டு ஏறும்போது ஒரு பக்க முன் ஆக்ஸில் முறிந்தால், லாக் இல்லாத டிஃபரன்ஷியலில் மறுபக்கச் சக்கரத்துக்கும் இழுவை போகாது. சக்தியெல்லாம் முறிந்த பக்கம் சும்மா சுற்றி வீணாகும். பின்சக்கரம் மட்டும் மிஞ்சும். பக்கத்தில் பள்ளம். "உன் வண்டியின் கம்பீரத்துக்கு அவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?"

பதில் சொல்லவில்லை. மறுநாள் அவனே போன் செய்து 1 அங்குல ஸ்பேசர் மாற்றச் சொல்லிவிட்டான். டயர் உரசிய மட் ஃபிளாப் ஓரத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உயரத்தைக் குறைக்க மனமில்லாதவர்கள் டிஃபரன்ஷியலைக் கீழே இறக்கும் பிராக்கெட் கிடைக்குமா என்று கேளுங்கள். கோணம் குறையும், ஆனால் முன்பக்கம் அடியில் இடைவெளியும் அந்த அளவு குறையும்.

கடைசியாகச் சில குறிப்புகள்:

காட்டில் கிழிந்தால், சேற்றைத் துடைத்து, கையில் உள்ள கிரீஸை அடைத்து, சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிச் சுற்றி, மெதுவாக ஊர் வந்து சேருங்கள். அது வீடு வருவதற்கு மட்டும்தான்.

புதுசு மாட்டும்போது பூட்டோடு பாக்கெட்டில் வரும் கறுப்பு மாலிப்டினம் கிரீஸையே போடச் சொல்லுங்கள். கம்பி கட்டாமல் சரியான கிளாம்ப் போடச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து, மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு முதலில் மடிப்பின் அடியில்தான் தெரியும். கிரீஸ் தெறிக்கும் முன்பே பிடித்துவிட்டால் ரப்பர் செலவோடு போகும். இரண்டு நிமிட வேலை. இன்று ஞாயிற்றுக்கிழமைதான், போய்ப் பார்த்துவிட்டு வந்து கீழே எழுதுங்கள்.