அஞ்சு வரி நோட்டு

உங்க வீட்டிலும் "ஸ்கூலே புடிக்கலை"ன்னு புலம்புற தம்பி, தங்கை இருக்காங்களா?

அமெரிக்காவில் ஃப்ரோ, எம்மன்ஸ் குழுவினர் 221 ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. ஒரு பிரிவினர் இரண்டு வாரம், தினமும் நன்றி தோன்றிய ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டியவற்றை. நன்றி எழுதியவர்களுக்குப் பள்ளி மீதான திருப்தி கூடுதலாக இருந்தது.

ஏழாவது படிக்கும் என் தம்பியிடம் ஹாஸ்டலிலிருந்து சொன்னேன்: "நீயும் எழுதிப் பாருடா."

மூணாம் நாள் போட்டோ அனுப்பினான். முதல் வரி: 'அண்ணா போன் பண்ணான்.'

நான் பண்ணதே மார்க் கேட்கத்தான். திட்டிட்டுத்தான் வெச்சேன்.

இன்னிக்கு நீங்களும் ஒரு போன் போடுங்க. மார்க்கை மட்டும் கேட்காதீங்க.