ஆடுற குதிரையா, குலுக்காத குதிரையா? அந்தியூர் சந்தையில் ஒரு ரவுண்டு!

ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவருக்குக் குதிரை ஆசை வந்தால், ஆடி மாதம்வரை பொறுத்து அந்தியூருக்கு வண்டி ஏறலாம். சுமார் 400 கி.மீ. பயணம். ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரின் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் வந்து நிற்கும்.

கூட்டம் மொய்ப்பது நாட்டியக் குதிரையைச் சுற்றித்தான். மேளச் சத்தத்துக்கு முன்னங்காலைத் தூக்கி ஆடுகிறது. அழகுதான், ஆனால், அது பழக்கிய வித்தை. ஏறிப் போக வாங்குபவர் கேட்க வேண்டியது, 'ரெவால்' நடை.

சாதாரணமாகக் குதிரை பெருநடையில் ஓடும்போது வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து எழும். மேலே இருப்பவரின் இடுப்பு கழன்றுவிடும். ரெவாலில் ஒரே பக்கத்துக் கால்கள் அடுத்தடுத்து நகர்வதால் குலுக்கல் குறைவு. மார்வாரியின் காது நுனிகள் வளைந்து ஒன்றையொன்று தொடும். அதைப் பார்த்து மட்டும் இந்த நடை இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. எல்லா மார்வாரிக்கும் இது வாய்ப்பதில்லை.

நம் ஊரில் பேரம் தொடங்குவது சுழியில். சுழி சரியில்லை என்றால் நல்ல குதிரைக்கும் விலை இறங்கும். அதில் நம்பிக்கை இல்லாதவருக்கு லாபம்தான்!

விற்பவர் ஓட்டிக் காட்டினால் போதாது. ஓட்டத் தெரிந்தவரை ஏற்றி, மேளச் சத்தம் தாண்டிய சாலையில், கடிவாளத்தைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அப்போதும் நடை மாறாவிட்டால் விலை பேசலாம்.

முன்பணத்துக்கு முன்னால் கால்நடை மருத்துவரும், கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்றும் முக்கியம். அது மனிதருக்கும் தொற்றும் நோய், தடுப்பூசி கிடையாது. லாரியில் ஏற்றிய பிறகு சான்று கேட்டால், 'அனுப்பி வைக்கிறேண்ணே' என்ற பதில்தான் வரும்.