"எங்கள் சேவை திருப்தியா?"

எத்தாளை உறவுகளே, கொஞ்சம் வாசிச்சிட்டுப் போங்க.

ஒரு பிள்ளையின் உம்மா சொன்னா: அரச அலுவலகமொன்றுக்கு போனில் முறைப்பாடு சொல்லி மூன்றாம் நாள், "எங்கள் சேவை திருப்தியா?" என்று கோல் வந்ததாம். எடுத்தது மச்சான். அவர் வீட்டுக்குள் வைத்திருந்த விஷயம் அயலுக்கே தெரிஞ்சிட்டு.

கருத்துக் கேட்பது பிழையில்லை. 1990 அம்பியுலன்ஸ் பிந்தினால் சொல்லத்தானே வேணும். ஆனா எங்கட வீடுகளில் ஒரு போன் நாலு பேர் கையில. பெண்களுக்கு 1938, சிறுவருக்கு 1929 இருக்கு. அவங்க இப்படி எடுக்கிறாங்க என்று நான் சொல்லவில்லை. அடிபட்டவள் ஒளிச்சிருந்து பேசினதை, "நீங்க எங்களுக்கு எடுத்தீங்களே" என்ற ஒரே வசனம் அடிச்சவனுக்கே சொல்லிக் கொடுத்திடும். அவன் பக்கத்தில் நிற்க, அவளும் "திருப்தி" என்றுதான் சொல்வாள்!

2022இன் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு தேவைக்கு வாங்கிய தகவலைப் பொருந்தாத வேறு தேவைக்கு எடுக்கக் கூடாது. சுகாதாரத் தகவலும் சிறுவர் தகவலும் விசேட வகை. ஆனால் 2025 மார்ச் 18இல் அமுலாகவிருந்த முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன.

அதனால முறைப்பாடு சொல்லும்போதே, "இந்த இலக்கத்துக்குத் திரும்ப எடுக்க வேணாம்" என்று சொல்லுங்க. எடுத்தே ஆகணும் என்றால், நீங்க தனிய இருக்கிற நேரத்தைக் குறிச்சுக் கொடுங்க. கருத்துக் கேட்கிறோம் என்று அடையாள அட்டை இலக்கமோ ஓடிபியோ கேட்டால் உடனே போனை வைங்க.