கண்ணில் படாத பொருத்து

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வாகையிலும் வேம்பிலும் தேக்கிலும் உருவங்களைச் செதுக்கும் கைகளுக்கு அது தகுந்த சிறப்பே. ஆனால் அதே உளியும் கொட்டாப்புளியும் கொண்டு நாற்காலி செய்கிறவரை எவரும் சிற்பி என்று அழைப்பதில்லை. சிற்பத்தில் உழைப்பு வெளியே தெரிகிறது. நாற்காலியிலோ அது பொருத்துகளுக்குள் மறைந்து கிடக்கிறது.

கருணாபுரத்திற்கு அருகே அத்தகைய தச்சர் ஒருவரின் பட்டறையில் நாம் பல மாலைப் பொழுதுகளைக் கழித்திருக்கிறோம். பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் இடமே நாற்காலியின் உயிர்நிலை என்பார் அவர். சாய்ந்து அமரும் ஒவ்வொரு முறையும் உடலின் பாரம் அங்கேதான் இழுக்கிறது. ஆணி அடித்தால் வேலை விரைவில் முடியும். ஆனால் மழைக்காலத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும் மரத்தோடு ஆணி இசைந்து கொடுக்காது. நாளடைவில் நாற்காலி ஆடத் தொடங்கும். ஆகவே காலில் துளை எடுத்து, சட்டத்தின் முனையை அதற்கேற்ற நாக்காகச் சீவி, இறுக்கிச் செருகுகிறார். நாக்கு ஈரமரமாயிருந்தால் காய்ந்தபின் மெலிந்து கழன்றுவிடும். எனவே பலகைகள் முதலில் மாதக்கணக்கில் நிழலில் காய வேண்டும்.

அம்மாதங்களுக்குக் கூலி தருபவர் யார்? விலை கேட்போரிடம் மரத்தின் விலையையும் தம் நாள் கூலியையும் மட்டுமே கூட்டிச் சொல்கிறார் தச்சர். மரம் காய்ந்த காலமும், உளி தீட்டிய நேரமும், பிளந்து வீணான கால்களும் கணக்கில் ஏறுவதில்லை. அத்தொகையையும் பிளாஸ்டிக் நாற்காலியின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுகிறார்கள். முன்பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிட, அடுத்தவர் தரும் முன்பணத்தில்தான் முந்தியவருக்கு மரம் வாங்க முடிகிறது. கைத்திறன் உள்ளவனும் இறுதியில் பட்டறையைப் பூட்டிவிட்டு மூட்டை தூக்கப் போகிறான்.

2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மாண்டோரில் பலர் அன்றாடக் கூலிகள். குடித்தவரைப் பழித்து மறையுரை ஆற்றுவது எளிது. அதில் நமக்கு மனமில்லை. இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. வீட்டுக்கு அது தாங்கல்தான். ஆனால் ஒரு பிள்ளையின் கை தொழிலில் தேறும் ஆண்டுகளைத் தாங்க, தொடர்ந்து வேலை தருவோர் வேண்டும்.

மாற்கு நற்செய்தியில் நாசரேத்து மக்கள் ஆண்டவரையே தச்சர் என்கிறார்கள். மத்தேயுவில் அது தச்சரின் மகன் என்றாகிறது. மூலத்திலுள்ள 'தெக்தோன்' என்ற கிரேக்கச் சொல் மரவேலை, கட்டட வேலை செய்யும் கைவினைஞரைக் குறிக்கும். அம்மக்கள் அதை மதிப்பாகச் சொல்லவில்லை என்பதும் நினைக்கத் தக்கது. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக்கினார். அன்று கருவிகளை ஆசீர்வதிக்கும் பங்குகள், அதே நாளில் பள்ளிக்கோ விடுதிக்கோ பத்து நாற்காலிகளுக்குச் சொல்லி, பாதி விலையை மரத்திற்கென முன்னதாகவே கொடுத்தால் எவ்வளவோ நன்று.

அந்த ஜூனில் தந்தையை இழந்த இளைஞன் ஒருவன் இப்போது அப்பட்டறையில் பழகுகிறான். அண்மையில் அவன் முடித்த முதல் நாற்காலியைத் தச்சர் சமதரையில் வைத்து நான்கு மூலையிலும் அழுத்திப் பார்த்தார், ஆடவில்லை. நாம் விலை கேட்டோம். மரத்தையும் கூலியையும் சொல்லி நிறுத்தினான்.

"பலகை காய்ந்த மாதங்களையும் சேர்த்துச் சொல், தம்பி" என்றோம். அவன் தச்சரின் முகத்தைப் பார்த்தான்.