நடராஜன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு வருடங்கள்

ஐ.பி.எல் ஏலம் நடக்கும் நாளில் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் யாரும் சீட்டைவிட்டு எழுந்திருக்க மாட்டோம். டீ கூட இடத்துக்கே வந்துவிடும். ஒருவர் டி.வி-யைப் பார்த்துத் தொகையைச் சொல்ல, இன்னொருவர் லைவ் பக்கத்தில் ஏற்ற, நான் நோட்டிஃபிகேஷன் தட்டிவிடுவேன். அடிப்படை விலை இவ்வளவு, போன விலை இவ்வளவு. தலைப்பு அவ்வளவுதான். சில லட்சத்தில் ஆரம்பித்த ஒரு கிராமத்துப் பையன் கோடியைத் தொட்டுவிட்டால், அன்றைக்கு அதிகம் படிக்கப்படும் செய்தி அவன்தான். நிருபர் அவன் வீட்டுக்குப் போவார். அம்மா லட்டு ஊட்டுவார். போட்டோ வரும்.

அடுத்த வருடம் அவன் எத்தனை மேட்ச் ஆடினான் என்று யாரும் தேடுவதில்லை. தேடினால் பெரும்பாலும் ரொம்பச் சின்ன எண்தான் கிடைக்கும்.

இந்த விஷயம் இப்போது எனக்கு ஆபீஸைத் தாண்டி வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. ராசிபுரம் பக்கத்தில் என் சித்தி வீடு. சித்தி மகனுக்கு 19 வயது, வேகப்பந்து வீச்சாளன். நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர் என்று சுற்றி நடக்கும் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுகளில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. போன வருடம் சென்னை லீக்கில் நான்காம் டிவிஷன் அணி ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது. ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் அவன் படத்தைவிட வாழ்த்துவோர் படங்கள்தான் பெரிதாக இருந்தன. எங்கள் பக்கத்து வழக்கம் அது, கண்டுகொள்ளக் கூடாது.

சீசனில் அவனுக்கு ஆடக் கிடைத்தது இரண்டே மேட்ச். மற்ற நாளெல்லாம் தண்ணீர் பாட்டில் தூக்கினான். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் மூன்று பேரோடு தங்கியிருக்கிறான். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சித்தப்பா மாதம் 9,000 ரூபாய் அனுப்புகிறார். அவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அந்தத் தொகை அவருக்கு என்னவென்று எனக்குத் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி போன் செய்தார்.

“கண்ணு, நீ இந்தச் செய்தியெல்லாம் பாக்கற ஆளு. உள்ளதச் சொல்லு. இவன் உக்காந்துக்கிட்டேதான் இருக்கறான். இது ஆகற காரியமா? பட்டறையில ஆள் வேணும்னு கேட்டுட்டு இருக்கறாங்க. வரச் சொல்லிரலாமா?”

“ரெண்டு நாள் டைம் குடுங்க சித்தப்பா, பாத்துட்டுச் சொல்றேனுங்க” என்றேன்.

சேலம், நாமக்கல் பக்கம் எந்த வீட்டில் கிரிக்கெட் பேச்சு வந்தாலும் இரண்டாவது நிமிடத்தில் சின்னப்பம்பட்டி வந்துவிடும். நம் வீட்டுப் பிள்ளை மாதிரி டி.நடராஜன் கதையை எல்லோரும் சொல்வார்கள். அப்பா தறி வேலை, அம்மா சாலையோரக் கடை, ஐந்து பிள்ளைகளில் மூத்தவர், டென்னிஸ் பால், யார்க்கர், 3 கோடி, ஆஸ்திரேலியா, ஊர் திரும்பியபோது சாரட் வண்டி ஊர்வலம். மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிடலாம். ஆனால், 3 கோடிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் மூன்றே முக்கால் வருடம் இருக்கிறது. சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல எனக்கு அந்த மூன்றே முக்கால் வருடம்தான் தேவைப்பட்டது.

கொஞ்சம் முன்னாலிருந்து வரலாம். 20 வயது வரை நடராஜனுக்கு டென்னிஸ் பால்தான். அதே ஊரின் ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்கு அனுப்பிவைக்க, நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல் அணியில் ஆரம்பித்து, படிப்படியாக முதல் டிவிஷனுக்கு ஏறினார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி அறிமுகம். உடனே ஓர் அடி. பந்தை எறிகிறாரோ என்று அவருடைய பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளம்பியது. சுனில் சுப்ரமணியம் போன்ற முன்னாள் வீரர்களின் உதவியோடு கையை மாற்றிப் பழகி, 2016-ல் டி.என்.பி.எல் தொடரில்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தார்.

2017 பிப்ரவரி ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. டி.என்.பி.எல் மட்டும் ஆடிய பையனுக்கு இவ்வளவா என்று அப்போது பஞ்சாப் அணியின் பொறுப்பில் இருந்த சேவாக்கைக் கேட்டவர்கள் உண்டு. அந்த சீசனில் நடராஜன் ஆடியது 6 மேட்ச், எடுத்தது 2 விக்கெட். அணி அவரை விடுவித்துவிட்டது. 2018-ல் ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. அந்த சீசன் முழுக்க ஒரு மேட்ச்கூட இல்லை. 2019-லும் ஒரு மேட்ச்கூட இல்லை. புவனேஷ்வர் குமாரும் சித்தார்த் கவுலும் இருந்த அணியில் இன்னொரு இந்திய வேகப்பந்து வீச்சாளருக்கு இடம் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை.

அந்த இரண்டு வருடத்தில் நம் டெஸ்க் மாதிரி இடங்களில் அவர் பெயர் எத்தனை முறை வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வந்திருக்காது. பெஞ்ச்சில் இருப்பவரைப் பற்றி என்ன தலைப்பு வைப்பது?

ஆனால், 2020-ல் களத்துக்கு வந்த நடராஜன் 2017-ல் பார்த்த ஆள் இல்லை. 16 மேட்ச், 16 விக்கெட். எலிமினேட்டரில் டிவில்லியர்ஸின் ஸ்டம்ப்பைப் பறக்கவிட்ட யார்க்கரை இன்னமும் ரீல்ஸில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 6 மேட்ச்சில் 2 விக்கெட் எடுத்தவர், ஆடாமல் இருந்த இரண்டு வருடத்தில் எப்படி மாறினார்? ஐ.பி.எல்லில் ஆடவில்லையே தவிர, அவர் சும்மா இல்லை. தமிழ்நாட்டுக்கும் டி.என்.பி.எல்லுக்கும் ஆடிக்கொண்டே இருந்தார். ஹைதராபாத் வலைப்பயிற்சியில் பெரிய பேட்ஸ்மேன்களுக்குப் பந்து போட்டார். அங்கே பௌலிங் கோச் முத்தையா முரளிதரன். தமிழில் கேட்கலாம், தமிழில் திட்டும் வாங்கலாம். சேலத்துப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர் ஹாஸ்டலில் முதல் வருடத்தைக் கழித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. வலைப்பயிற்சி பௌலராக ஆஸ்திரேலியா போனவர், 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் போட்டி, 4-ம் தேதி அங்கேயே டி20, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேன் காபா மைதானத்தில் டெஸ்ட் என்று ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமானார். அந்தச் சாதனையைச் செய்த முதல் இந்தியர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 29.

அந்த கான்பெரா, சிட்னி, பிரிஸ்பேன் மைதானங்களைப் பற்றிப் படிக்கும்போதுதான் வேறொரு விளையாட்டு கண்ணில் பட்டது. கோடையில் கிரிக்கெட் நடக்கும் இந்த மூன்று மைதானங்களிலும் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் நடக்கிறது. காபா, பிரிஸ்பேன் லயன்ஸ் என்ற அணியின் வீடு. நம் ஃபுட்பால் மாதிரி இல்லை இது. கிரிக்கெட் மைதானம் அளவுக்கு நீள்வட்டக் களம், பக்கத்துக்கு 18 பேர், பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் குத்தியும் அனுப்பலாம். பந்து முட்டை வடிவம். நாமக்கல்காரர்கள் உரிமை கொண்டாட வேண்டிய விளையாட்டு.

அங்கே ஏலம் கிடையாது, டிராஃப்ட். ஏ.எஃப்.எல் எனும் அந்தத் தேசிய லீக்கில் 18 கிளப்புகள். வருடக் கடைசியில் வரிசையாகப் பெயர் சொல்லி இளைஞர்களை எடுப்பார்கள். அந்த சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. எடுக்கப்படுபவர்கள் பெரும்பாலும் 18 வயதுப் பிள்ளைகள். பள்ளி முடித்த கையோடு வேறு மாநிலத்துக்குப் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பதுதான்.

18 வயதுப் பையனை உடனே 28 வயது ஆட்களோடு மோதவிட்டால் உடம்பு தாங்காது என்று அவர்களுக்குத் தெரியும். டிராஃப்ட்டில் எடுத்த பையனுக்குக் குறைந்தது இரண்டு வருட ஒப்பந்தம். அந்த இரண்டு வருடத்தில் பிரதான அணியில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் சம்பளம் வரும். வெளியூர்ப் பையனை ஒரு குடும்பத்தோடு தங்கவைப்பது பல கிளப்புகளில் வழக்கம். சமைத்த சாப்பாடு, காலையில் எழுப்பிவிட ஓர் ஆள். இளையவர்களுக்கென்றே தனிக் கோச்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், பிரதான அணியில் இடம் இல்லாவிட்டாலும் இரண்டாம் நிலை லீக்கில் நிஜமான மேட்ச் ஆடுவது. அங்கே பெஞ்ச் என்பது உட்காரும் இடமாக இல்லை.

மெல்போர்ன் அணியின் மேக்ஸ் கான் 2009 டிராஃப்ட்டில் 34-வது பெயர். இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரம். அந்த உயரத்து ஆட்டக்காரர்களுக்கு உடம்பு தேற இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும். முதல் மேட்ச் 2011-ல். நடுவில் முழங்கால் காயம் வேறு. நாட்டின் சிறந்த அணியில் முதன்முறையாக அவர் பெயர் வந்தது 2016-ல், அதாவது ஏழு வருடம் கழித்து. 2021-ல் அவருடைய தலைமையில்தான் மெல்போர்ன் 57 வருடங்களுக்குப் பிறகு கோப்பையை வென்றது. இரண்டாவது வருடத்தில் யாராவது ‘இது ஆகற காரியமா’ என்று கேட்டு அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

அங்கேயும் எல்லோரும் மேக்ஸ் கான் ஆவதில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் பட்டியலிலிருந்து நீக்கப்படும் பையன்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். ஆனால், அதுவரையிலான செலவு பையனுடைய அப்பா தலையில் விழுவதில்லை.

நம் ஊரில் அந்தச் செலவை யார் ஏற்றார்கள்? நடராஜனுக்கு ஜெயப்பிரகாஷ் ஏற்றார். அதனால்தான் அவருடைய ஜெர்சியில் ‘ஜே.பி. நட்டு’ என்று இருந்தது. ஒரு கிளப்பில் நான்கைந்து பேர் சம்பளத்துக்குச் செய்கிற வேலையை ஒரு தனி மனிதர் பாசத்துக்காகச் செய்திருக்கிறார். கேட்க நெகிழ்ச்சியாக இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் பயமும் இருக்கிறது. ஜெயப்பிரகாஷ் இல்லாத ஊர்ப் பையன் என்ன செய்வான்? சின்னப்பம்பட்டியில் இப்போது அந்தக் கவலை குறைந்திருக்கிறது. நடராஜன் அங்கே அகாடமி நடத்துகிறார். 2023 ஜூனில் சொந்தச் செலவில் கட்டிய மைதானத்தை தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். அதே ஊரிலிருந்து வந்த ஜி.பெரியசாமி 2019 டி.என்.பி.எல் தொடரின் சிறந்த வீரர், இறுதிப்போட்டியில் 5 விக்கெட். மற்ற ஊர்களுக்கு இன்னும் ஃப்ளெக்ஸ்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. நடராஜன் உட்கார்ந்த பெஞ்ச்சுக்கு 40 லட்சம் கொடுத்தார்கள். தம்பி உட்காரும் பெஞ்ச்சுக்கு நாம் மாதம் 9,000 கொடுக்கிறோம். ‘நடராஜனும் காத்திருந்தாருங்க’ என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட முடியாது.

அதனால் முதலில் தம்பிக்கு போன் செய்தேன். ‘ஆடினாயா’ என்று கேட்கவில்லை. வாரத்தில் எத்தனை நாள் நெட்ஸ், ஒரு நாளைக்கு எத்தனை ஓவர் போடுகிறாய், யாருக்குப் போடுகிறாய், போடும்போது யார் நின்று பார்க்கிறார்கள், என்ன சாப்பிடுகிறாய்? பேட்டி எடுக்கிற மாதிரி கேட்டதில் அவன் முதலில் மிரண்டுவிட்டான்.

“வாரம் நாலு நாள்க்கா. சீனியருங்களுக்குத்தான் போடறேன். கேப்டன் அண்ணன் அம்பயர் எடத்துல நின்னு பாப்பாரு. ஊர்ல என் யார்க்கருக்கு எல்லாரும் போல்டு ஆவாங்க. இங்க வந்து மொத மூணு மாசம் ஒருத்தர்கூட ஆகல. லெதர் பால்ல நம்ம யார்க்கரு ஃபுல் டாஸா போயிருது. இப்பத்தான் லென்த்துன்னா என்னன்னே புரியுதுக்கா.”

சாப்பாடு? காலையில் நாலு இட்லி, மதியம் அளவுச் சாப்பாடு, ராத்திரி பரோட்டா. முட்டை எப்போதாவது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. தினமும் முட்டை விலையை நிர்ணயிக்கிற ஊர்க்காரன், வேகப்பந்து போடுகிறவன், காசு கணக்குப் பார்த்து முட்டையைத் தவிர்க்கிறான்.

சித்தப்பாவிடம் பேசினேன். நாலு நாள் நெட்ஸ், நின்று பார்க்க ஒரு கேப்டன், புதிதாகக் கற்றுக்கொண்டது ஒன்று. இவ்வளவும் இருப்பதால் இன்னொரு சீசன் விடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது என்றேன். வெறுமனே பாட்டில் மட்டும் தூக்கிக்கொண்டிருந்தால் வரச் சொல்லுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். தபால்வழியில் ஏதாவது டிகிரிக்குப் பணம் கட்டிவிடுங்கள், ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கும் அது வேண்டும் என்றேன். அவன் நடராஜன் ஆவானா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காயமும் உண்டு இந்தத் தொழிலில். 2021-ல் நடராஜனுக்கே முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. 2024 சீசனில் 19 விக்கெட் எடுத்து, 10.75 கோடிக்கு டெல்லி அணிக்குப் போன அவர், 2025-ல் பெரும்பாலான மேட்ச்களில் வெளியேதான் இருந்தார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. சித்தியிடம் ஏதோ கேட்டார். “செரி, அடுத்த ஆடி வரைக்கும் பாப்போம்” என்றார். பிறகு, “முட்டைக்கு நான் பாத்துக்கறேன்” என்றார்.

அவர் பட்டறையில் பாடி கட்டிய லாரிகளில் ஒன்று நாமக்கல்லிலிருந்து சென்னைக்கு முட்டை லோடு அடிக்கிறது. டிரைவர் பழக்கமானவர். வாரம் ஒரு தட்டு, 30 முட்டை, கோயம்பேடு பக்கம் இறக்கிக்கொடுத்துவிடுகிறார். தம்பி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திருவல்லிக்கேணி போகிறான். மேன்ஷன் அறையில் கெட்டிலில் முட்டை வேகவைக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். எதிர் டீக்கடைக்காரரிடம் தட்டைக் கொடுத்துவைத்து, தினமும் நாலு அவித்து வாங்கிக்கொள்கிறான். கடைக்காரருக்குக் கூலி வாரத்துக்கு இரண்டு முட்டை.