திரை பிடிப்பவள்

மாசி, வியாழன்

நாளைக் காலை அண்ணனுக்குக் காரியம். இன்று ராத்திரி வாசலில் கூத்து. செய்யாறு பக்கத்து ஊர்களில் காரியத்துக்கு முந்தின இரவு கர்ண மோட்சம் வைத்தால் போனவருக்கு நல்ல கதி என்பார்கள். பெரியப்பாதான் ஜமாவுக்கு அச்சாரம் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு இஷ்டமில்லை. வீட்டுக்குள்ளேயே அழுது முடியவில்லை, இதில் தெருவில் விளக்குப் போட்டு ஆட வேண்டுமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பந்தல்காரரோடு பேசப் போய்விட்டார்.

மாசி, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

பொன்னுருவி கர்ணனின் பிறப்பைச் சொல்லிப் பழித்தபோது ஊரே சிரித்தது. அவளே அவனைப் போருக்குப் போகவிடாமல் மறித்தபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. பதினேழாம் நாள் யுத்தம், சல்லியன் தேரை விட்டு இறங்கிப் போவது, கிருஷ்ணன் பிராமணனாக வந்து புண்ணியத்தை யாசிப்பது என்று விடியும் வரை போயிற்று. குந்தி வேஷக்காரருக்கு அப்பா வயது இருக்கும். கர்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஒப்பாரி எடுத்ததும் பெண்கள் பக்கத்தில் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். அத்தை எப்போதோ செத்துப்போன தன் மகனைச் சொல்லி அழுதாள். எதிர்வீட்டக்கா அவள் அம்மாவைச் சொல்லி அழுதாள். எங்கள் வாசலில் யார் யாருடைய சாவோ வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மா அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை. "அந்த ஆளுக்குக் கால் மரத்துப் போயிருக்கும். எழுந்திருக்கச் சொல்லு" என்றாள்.

பங்குனி, திங்கள்

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். "மனசைத் தேத்திக்கோங்க டீச்சர்." மனசு எங்கே இருக்கிறதோ. எனக்குத் தாடை இறுகிக் கிடக்கிறது. கரும்பலகையில் மேல்வரி எழுதக் கை தூக்கினால் தோள் பிடித்துக்கொள்கிறது.

ஆயா செத்தபோது பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு, வட்டமாக உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடி அழுததைப் பார்த்திருக்கிறேன். மாரடித்து அழுவார்கள். மறுநாள் உடம்பெல்லாம் வலி என்று சுக்குக்காப்பி போட்டுக் குடிப்பார்கள். அண்ணனை ஐஸ்பெட்டியில் வைத்திருந்தோம். அதைச் சுற்றிக் கை கட்டி நின்றோம்.

சித்திரை, ஞாயிறு

மீதிப் பணத்தைக் கொடுக்கக் கூத்து வாத்தியார் வீட்டுக்குப் போனேன். கட்டைகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கிரீடம், புஜக்கட்டை, மார்பில் கட்டுவது எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. எடுத்துப் பார்த்தால் அத்தனை லேசு. மேலே ஜிகினாத்தாள், கண்ணாடிச் சில்லு. அண்ணனின் மோட்சத்துக்கு ஆடிய கிரீடத்தில் பாதிச் சில்லு உதிர்ந்திருந்தது. ஒட்டித் தரட்டுமா என்றேன். கொடுத்தார்.

கிளம்பும்போது, அடவு கற்றுக்கொடுப்பீர்களா என்றும் கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். அண்ணன் ஞாபகமாக இருக்கலாம். "புரிசை நடேசத் தம்பிரான் ஆடினதைப் பார்த்துட்டுதான்டி நாடகக்காரர் முத்துசாமி கூத்துக்குள்ளயே வந்தாரு, 1977-ல கூத்துப்பட்டறை தொடங்கினாரு. நம்ம பக்கத்து ஆட்டம்டி அது" என்று பெருமையடிப்பான். ஒரு அடி ஆடத் தெரியாது அவனுக்கு.

வாத்தியார் மறுக்கவில்லை. பெண்கள் ஆடுவது ஜமாக்களில் வழக்கமில்லைதான். ஆனால் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபால் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கற்றார்கள். வாத்தியார் பேத்தியும் அங்கே படித்தவளாம். "அவளே ஆடுறா. உனக்கென்ன" என்றார்.

வைகாசி, புதன்

களத்துமேட்டில் சாயங்காலம் பயிற்சி. வெறும் காலில் தரையை அறைந்து மிதிக்க வேண்டும். "பூமிக்குக் கேக்கணும், எனக்குக் கேக்க வேணாம்" என்கிறார். தாளம் ஒரு காலம் கூடினால் என் கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். சுழன்று வருகையில் தலை சுற்றி வைக்கோல் போரில் சாய்ந்தேன். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்த உடனே கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

ஆடினால் துக்கம் கரையும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். தாளம் ஓடும்வரை அடுத்த அடி எது என்பதைத் தவிர வேறெதுவும் நினைக்க முடிவதில்லை, அவ்வளவுதான். நின்றதும் அண்ணன் திரும்ப வந்துவிடுகிறான். ஆனால் கெண்டைக்கால் வலிக்கிறது, பசிக்கிறது, படுத்தால் தூங்குகிறேன்.

வைகாசி, சனி

சில்லு ஒட்ட உட்கார்ந்தேன். "அந்தப் பசை நிக்காது" என்று அம்மா பிடுங்கிக்கொண்டாள். புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சி, பதமாக ஒரு பசை செய்தாள். ஒவ்வொரு சில்லாகத் துடைத்து ஒட்டினாள். நடுவில் ஏதோ முணுமுணுத்தாள். ஒப்பாரி என்று நினைத்து அசையாமல் இருந்தேன். காது கொடுத்துக் கேட்டால் நடவுப்பாட்டு! கல்யாணத்துக்கு முன்னால் கழனியில் பாடியதாம். அண்ணனுக்கும் எனக்கும் முந்தைய அம்மா.

ஆனி, செவ்வாய்

வாத்தியாரின் அப்பாவும் கூத்தாடியாம். பங்குனியில், ஆட்டம் நெருக்கமாக இருக்கும்போது செத்துப்போனார். எப்படி ஆடினீர்கள் என்று கேட்டேன்.

"அச்சாரம் வாங்கியாச்சே."

"அழுகை வரலையா?"

"நான் கர்ணன் வேஷம்மா. செத்தவன் எப்படி அழுவான்? குந்தி அழுதா. கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்."

இதைச் சொல்லிவிட்டு, என் இடது கால் இன்னும் தாளத்துக்குப் பிந்துகிறது என்று திட்டினார்.

ஆடி, வெள்ளி

வந்தவாசிப் பக்கம் ஒரு சாவு வீடு. திரை பிடிக்க ஆள் இல்லை, வா என்றார் வாத்தியார். வேஷம் கட்டியவர் சபைக்கு வரும் முன் துணித்திரைக்குப் பின்னால் நிற்பார். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். "உனக்கும் பங்கு தருவாங்களா?" என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

செத்தவருக்குத் தங்கச்சி இருந்தாள். திண்ணையில் என்னைப் போலவே தாடை இறுகி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் கர்ணன் வேஷக்காரர் புஜக்கட்டைக் கயிறு தளர்கிறது என்று கூப்பிட்டார். இறுக்கிக் கட்டினேன். முகவீணை தொடங்கிவிட்டது. அவர் திரைக்குப் பின்னால் குரல் எடுத்ததும், "தூக்கிப் பிடிம்மா, கிரீடம் தெரியுது" என்று பேத்தி மறுமுனையிலிருந்து கத்தினாள்.